மேன்முறையீடு செய்வது பேராசையா?

முதலாம் தர அனுமதிக்கான தற்காலிகப் பெயர்ப்பட்டியல் வெளிவரும் நாள்களில் எத்தனையோ கத்தோலிக்க இல்லங்களில் உறக்கம் கெடுகின்றது. ஆசைப்பட்ட பாடசாலையின் பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லை. மேன்முறையீடு செய்வதா? அன்றி, இறைவன் சித்தம் இதுவே என்று அமைவதா?

முறையிடுவது தாழ்ச்சிக்கு மாறானது எனச் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஆளுநர் பெஸ்துவின் முன் நின்ற புனித சின்னப்பர், யெருசலேமில் விசாரிக்கப்பட இணங்காது, உரோமைக் குடிமகன் என்ற உரிமையோடு பேரரசரிடம் முறையிட்டார். பிள்ளைக்குரிய புள்ளிகள் தவறாகக் கணிக்கப்பட்டிருப்பின், அதைச் சுட்டிக்காட்டுவது பெற்றோரின் கடமை. ஐந்து வயதுப் பிள்ளை தனக்காகப் பேச முடியாது.

ஆனால், எதை ஆதாரமாகக் கொண்டு முறையிடுகின்றோம் என்பதே கேள்வி. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி, அனுமதியில் பாதி அயலில் வசிப்போரின் பிள்ளைகளுக்கும், காற்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் உரியது. வசிப்பிடத்தை வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் காட்டவேண்டும். உறவினர் வீட்டு முகவரியில் பெயரைப் பதிவதும், இல்லாத குத்தகைக்கு உறுதி முடிப்பதும் எட்டாம் கட்டளைக்கு எதிரான பொய்ச்சாட்சியே. ஏழாம் கட்டளையும் இங்கே மீறப்படுகின்றது. களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது திருச்சபையின் போதனை. இன்னொரு பிள்ளையிடமிருந்து பறித்த இடத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அப்பிள்ளை யாரென்றே நமக்குத் தெரியாது.

நமக்கென ஒரு தனிச் சோதனையும் உண்டு. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்ற வேளையில் இருந்த மத விகிதாசாரம் அனுமதியின்போது கவனிக்கப்படுகின்றது. ஆகவே, ஆண்டு முழுவதும் கோவிற் பக்கம் வராதவரும் அப்பருவத்தில் பங்குக் குருவானவரின் கடிதத்துக்கு வந்து நிற்பதுண்டு. ஞானஸ்நானத்தை அனுமதிச் சீட்டாக்கும் வீட்டில் பிள்ளை எத்தகைய விசுவாசத்தைக் கற்கும்?

“எல்லோரும் பொய் எழுதுகிறார்கள், நாம் மட்டும் உண்மை எழுதினால் நம் பிள்ளைதானே நட்டப்படும்?” என்று கேட்கலாம். இக்கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. நட்டம் மெய்யானதே. ஆய்வுகூடமும் போதிய ஆசிரியரும் உள்ள பாடசாலைக்கும் இல்லாத பாடசாலைக்கும் வித்தியாசம் உண்டு. ஆயினும் அதற்கும் நேர்வழி இருக்கின்றது. பட்டியலில் உள்ள ஒருவரின் ஆவணம் பொய்யென்று உறுதியாகத் தெரிந்தால் ஆட்சேபனை தெரிவிக்கலாம். கேள்விப்பட்ட கதையை வைத்து எழுதுவதோ அவதூறாகும்.

தன் மக்கள் யாகப்பரும் அருளப்பரும் வலமும் இடமும் அமரவேண்டுமென்று செபதேயுவின் மனைவி ஆண்டவரிடம் கேட்டாள். அந்தத் தாயை அவர் கடிந்து துரத்தவில்லை. கேட்பது இன்னதென்று தெரியாமற் கேட்கிறார்கள் என்பதையே உணர்த்தினார். நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம்: பிள்ளையின் கல்விக்காகக் கேட்கின்றோமா, அல்லது அயலார் முன் நம் பெருமைக்காகவா?

ஆகவே, நியாயம் இருப்பின் குறித்த காலத்துள் முறையிடுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முடிவு வரும்வரை கிடைத்த பாடசாலையிற் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். மறுபடியும் இல்லையென்றால், பிள்ளையின் காதுபட அப்பாடசாலையை இழிவாகப் பேசாதீர்கள். பெற்றோர் வெட்கப்படும் பாடசாலைக்குப் பிள்ளை மகிழ்வோடு போகமாட்டாது. ஒரு வாசலில் இடம்பிடிக்கச் செலவிடும் அலைச்சலில் பாதியை ஊர்ப் பாடசாலையின் குறைகளைத் தீர்ப்பதிற் செலவிட்டால், அயல்வீட்டுப் பிள்ளைக்கும் அது பயன்படும்.