உன் கண் சொல்வதை உரக்கச் சொல்!

"எனக்கு போட்டோவைப் பற்றி என்ன தெரியும்? என்னைப் போய் நடுவராகக் கூப்பிடுகிறீர்களே!"

ஊரில் நண்பர்கள் கூடி ஒரு படப்போட்டி வைக்கிறார்கள். வீட்டு மாடு, தெருநாய், ஆட்டுக்குட்டி, பூனை என்று ஆளாளுக்குக் கைப்பேசியில் எடுத்த முகப்படங்கள் வந்து குவிகின்றன. எல்லாருக்கும் உற்சாகம். ஆனால் மார்க் போடுவது யார் என்ற கேள்வி எழுந்ததும் கூட்டமே பின்வாங்குகிறது. "டவுனில் ஸ்டூடியோ வைத்திருப்பவரைக் கூப்பிடலாம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.

படவேட்டுத் தம்பியே, தங்கையே! அந்தத் தலையாட்டலை இன்றோடு நிறுத்து. சம்புவராய மன்னர்கள் தலைநகராக வைத்து ஆண்ட மண் உன்னுடையது. ஜவ்வாது மலையடிவாரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டு வளர்ந்த பிள்ளை நீ. விலங்கின் முகத்தைப் படிக்க உனக்கு யார் பாடம் எடுக்க வேண்டும்?

ஆரணிப் பட்டுத் தறியில் உட்காரும் நெசவாளியைப் பார். ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தாலும் அவர் கை சட்டென்று நின்றுவிடும். அந்தப் பார்வைக்கு எந்தக் கல்லூரியும் பட்டம் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதால் வந்த பார்வை அது. விலங்குகள் விஷயத்தில் உன் பார்வையும் அப்படித்தான் உருவாகியிருக்கிறது. சந்தையில் பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்கிற, நடக்கவிட்டுக் காலின் குறையைக் கண்டுபிடிக்கிற பெரியவர்கள் நடுவே வளர்ந்துவிட்டு, "எனக்கென்ன தெரியும்" என்று சொல்வது அடக்கம் ஆகாது. அது உன் அறிவை நீயே அவமதிப்பது!

உலகத்தில் நடந்த ஒன்றைக் கேள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்ந்த காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி 1965இல் தொடங்கியது. இன்றும் உலகின் பெரிய போட்டிகளில் ஒன்று. 2009இல் அதன் முதல் பரிசு ஸ்பெயினைச் சேர்ந்த ஒருவர் எடுத்த ஓநாய்ப் படத்துக்குப் போனது. இரவில் ஒரு மரக்கதவைத் தாண்டிப் பாய்கிறது ஓநாய். வெளிச்சம், கூர்மை, கட்டமைப்பு எதிலும் குறை சொல்ல முடியாது. தேர்ந்த நடுவர்கள் வியந்து பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் ஸ்பெயினில் ஓநாய்களை நன்றாக அறிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "காட்டு ஓநாய் எதற்காக இப்படிக் கதவைத் தாண்டிக் குதிக்க வேண்டும்? கதவுச் சட்டங்களின் இடுக்கில் நுழைந்து போய்விடாதா?" என்று கேட்டார்கள். இத்தகைய சந்தேகங்கள் பெரிய விசாரணையாக வளர்ந்தன. படத்தில் இருப்பது பழக்கப்பட்ட வளர்ப்பு ஓநாயாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். படமெடுத்தவர் அதைக் கடைசிவரை மறுத்தார். நடுவர்கள் தங்கள் முடிவில் நின்றார்கள்.

கவனி! கேமராவை அறிந்தவர்களின் கண்ணுக்குத் தப்பியது, விலங்கை அறிந்தவர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை. அந்த இரண்டாவது கண் உன்னிடம் இருக்கிறது.

அதை எப்படிப் பயன்படுத்துவது? ஓர் ஆட்டுக்குட்டிப் படத்தை எடுத்துக்கொள். முதலில் கண்ணைப் பார். பகல் வெளிச்சத்தில் ஆட்டின் கருவிழிப் பாவை படுக்கைவாட்டில் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு துல்லியமாக இருக்கிறதா, அல்லது மூக்கு நுனி மட்டும் தெளிவாக விழுந்து கண் மங்கிவிட்டதா? கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னுகிறதா? எடுத்தவர் நின்றபடியே குனிந்து எடுத்தாரா, மண்ணில் உட்கார்ந்து குட்டியின் கண்மட்டத்துக்கு இறங்கினாரா? காது நுனி வெட்டுப்பட்டிருக்கிறதா? பின்னால் நீல நிறப் பிளாஸ்டிக் குடம் நின்று முகத்திலிருந்து பார்வையை இழுக்கிறதா? இவற்றைச் சொல்ல டிப்ளமோ வேண்டாம், நிதானம் போதும்.

அடுத்துத்தான் உனக்கே உரிய கேள்வி: அந்த உயிர் அந்த நேரத்தில் எப்படி இருந்தது? வாலை இடுக்கி, காதைப் பின்னால் ஒட்டி, கண்ணின் வெள்ளை தெரிய மிரண்டு நிற்கும் நாய்க்கு மாலை போட்டு எடுத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும் மார்க்கைக் குறை. காரணத்தையும் சொல். பயமுறுத்தி வாங்கிய முகத்துக்குப் பரிசு கிடையாது என்று ஒரே ஒரு போட்டியில் உறுதியாகச் சொல்லிவிட்டால், அடுத்த போட்டிக்கு ஊரே அன்போடு படமெடுக்கும்.

"பெரிய கேமராவில் எடுத்த படம், நான் எப்படிக் குறை சொல்வது?" என்று தயங்குகிறாயா? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள். பல பாகங்களைப் பொருத்தித் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவோடு காட்டுக்குள் போனவர் அவர். கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். 1950இலிருந்து 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. ஊர் என்ன நினைக்கும் என்று பார்க்காமல், தன் கண்ணை நம்பி வாழ்ந்த மனிதர்!

பெரிய விலங்கின் படம்தான் வெல்ல வேண்டும் என்றும் நினைக்காதே. 2021இல் அதே லண்டன் போட்டியில் இளையோர் பிரிவின் உயர்ந்த பரிசை வென்றவன் பெங்களூரைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் வித்யுன் ஹெப்பார். அவன் எடுத்தது புலியையோ சிறுத்தையையோ அல்ல. சுவர் இடுக்கில் வலை பின்னிய ஒரு சிலந்தியை. பின்னால் கடந்துபோன ஆட்டோவின் நிறங்கள் அந்த வலைக்குத் திரைச்சீலையாகின. சிறுவனின் திறமைக்குத் தலைவணங்குவோம். ஒரு சிலந்திக்கு முடிசூட்டத் துணிந்த நடுவர்களையும் பாராட்டுவோம். நல்ல படைப்பு வெல்ல, துணிந்த தீர்ப்பும் வேண்டும்.

ஆகவே நடுவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார். படங்களில் பெயர்களை மறைத்துத் தரச் சொல். முதல் சுற்றில் பேனாவைத் தொடாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பார். இரண்டாம் சுற்றில் மார்க் போடு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறை, ஒரு திருத்தம் எழுது. உன் அண்ணன் மகன் படம் என்று தெரிந்துவிட்டால் அந்தப் படத்துக்கு வேறொருவரை மார்க் போடச் சொல். மாமா முகம் சுளிப்பார், பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் பேசமாட்டார். அதற்காக முடிவை மாற்றாதே. யாராவது நியாயமான காரணத்தோடு உன் தவறைக் காட்டினால், அந்த ஓநாய்ப் படத்தின் நடுவர்களைப் போல எல்லார் முன்னிலையிலும் திருத்திக்கொள். காரணத்துக்கு வளை, முகத்துக்கு வளையாதே!

ஓர் ஆட்டுக்குட்டிப் படத்துக்கு நேர்மையாக மார்க் போடப் பழகியவன், நாளை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்வான். கூலியில் கணக்கு தவறினால் கேட்பான். சின்னத் தீர்ப்பில் நடுங்காத நாக்கு பெரிய தீர்ப்பிலும் நடுங்காது. அடுத்த முறை "யார் நடுவர்?" என்ற கேள்வி எழும்போது யாரையும் திரும்பிப் பார்க்காதே. கையை உயர்த்து. "நான் இருக்கிறேன்" என்று சொல்!