விருந்தினனின் தர்மம்

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டம் அதிர்ந்தது. நாடெங்கும் குடியரசு தினக் கொடி ஏறிக்கொண்டிருந்த வேளை அது. அஞ்சார் நகரில் அணிவகுத்துச் சென்ற பள்ளிக் குழந்தைகள் 185 பேரும் ஆசிரியர்கள் 20 பேரும் சரிந்த கட்டிடங்களுக்கு அடியில் மாண்டனர். பூஜ், பச்சாவ், ராப்பர் ஆகிய நகரங்களும் உருக்குலைந்தன. அரசுக் கணக்கின்படியே 13,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இன்று அதே கட்ச் பயணிகள் நாடிச் செல்லும் இடம். குளிர்காலத்தில் ரண் என்னும் உப்பு வெளியைக் காண நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். பூஜியா குன்றில் 2022-இல் திறக்கப்பட்ட ஸ்மிருதி வனத்தில் மாண்டவர்களின் பெயர்களைப் படித்துவிட்டு, வடக்கே பன்னிப் புல்வெளிக் கிராமங்களுக்குச் சென்று அங்குள்ளவர்களின் விருந்தினராகத் தங்குவோரும் உண்டு. அவர்களுள் சற்றுச் சிந்திப்பவரின் மனத்தில் ஒரு வினா எழாமல் இராது: பிறர் பெருந்துயருற்ற மண்ணில் மகிழ்ச்சிக்காகப் பயணம் செய்வது தகுமா?

'நாம் சென்றால்தான் அவர்களுக்குப் பிழைப்பு' என்பது எளிதாகக் கிடைக்கும் விடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அந்த விடை பயணியைக் கொடுப்பவனாகவும், வீட்டுக்காரரைப் பெறுபவராகவும் நிறுத்திவிடுகிறது. பிழை தொடங்குவது அங்கேதான்.

பன்னியில் விருந்தினருக்கு அளிக்கப்படும் குடில் பெரும்பாலும் 'பூங்கா' எனப்படும் வட்ட வீடு. தமிழ்ச் செவிக்குச் சோலையை நினைவூட்டும் இப்பெயர், மரம் அரிதான நிலத்து மண் வீட்டைக் குறிக்கிறது. வட்டச் சுவர், கூம்பு வடிவக் கூரை, உட்சுவரில் களிமண்ணும் சிறு கண்ணாடித் துண்டுகளும் பதித்த வேலைப்பாடு. மூலைகள் இல்லாத அச்சுவர் அதிர்வைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்கிறது. கூரையின் பாரமும் குறைவு. 2001-இல் பல மாடிக் கட்டிடங்கள் வீழ்ந்தபோது, நன்கு கட்டப்பட்டிருந்த பூங்காக்கள் பல நிலைத்து நின்றன. பின்னர் மறுகட்டமைப்பின்போது, அரசின் நிதியுதவியைத் தவணைகளாகப் பெற்றுத் தங்கள் வீடுகளைத் தாங்களே எழுப்பிக்கொண்ட குடும்பங்கள் கட்சில் ஏராளம். இத்தகையோரின் திண்ணையில் அமர்ந்து இரக்கம் காட்ட முற்படுவது அறியாமையன்றி வேறென்ன?

மேலும் ஒன்றைக் கருத வேண்டும். பன்னியின் மால்தாரி மக்கள் கால்நடை வளர்ப்பவர்கள். வந்தவருக்குப் பாலும் மோரும் அளித்துப் பழகியவர்கள். நிலநடுக்கம் கட்ச் மக்களில் எத்தனையோ பேரைக் கம்பளிக்கும் தானியத்திற்கும் வரிசையில் நிற்க வைத்தது. உதவி தேவையாயிருந்தது, அளித்தவர்களும் நல்லவர்களே. ஆனால் கொடுத்துப் பழகிய கை நெடுநாள் ஏந்தியே இருக்கும்போது மனிதனுக்குள் ஏதோ ஒன்று குன்றுகிறது. வீட்டை மீண்டும் கட்டியபின்னும் அந்தக் குறை முற்றிலும் தீர்வதில்லை. முன்பின் அறியாத ஒருவரை உள்ளே அழைத்து, கயிற்றுக் கட்டிலில் அமர்த்தி, கம்பு ரொட்டியும் நெய்யும் வெல்லமும் படைக்கும் நாளில் அது தீர்கிறது. அன்று வீட்டுக்காரர் மீண்டும் கொடுப்பவர் ஆகிறார். விருந்தினனின் கடமை அதை நிறைவாக ஏற்றுக்கொள்வது. கொடுப்பதைவிட இது கடினம். கொடுக்கும்போது அகங்காரம் உடன் அமர்ந்து உண்ணும், ஏற்கும்போது அது வெளியே நிற்க வேண்டும்.

பணம் செலுத்தித் தங்குபவன் அதிதி ஆவானா என்று கேட்கலாம். அறைக்கும் உணவுக்கும் உரிய விலை தருவது நியாயம் மட்டுமே. அதற்குப் பெருமை இல்லை. அதற்கு அப்பால் அந்த வீட்டார் தரும் பரிவுக்கு விலைப்பட்டியல் கிடையாது. கோயில் உண்டியலில் ஆயிரம் ரூபாய் இடுபவர், பல நாள் உழைப்பில் உருவான பூத்தையல் துணிக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்பதும் இங்கே நடக்கிறது.

இரவு உணவுக்குப்பின் எழும் கேள்வி இன்னும் நுட்பமானது. 'அன்று உங்கள் வீட்டில் யாரேனும் இறந்தார்களா?' பயணியின் நாவின் நுனியில் அது காத்திருக்கும். கட உபநிஷதத்தின் நசிகேதனும் விருந்தினன்தான். யமனின் வீட்டில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான்; வீடு திரும்பிய யமன் அதற்கு ஈடாக மூன்று வரங்கள் தந்தான். சிறுவன் முதலில் கேட்டது தந்தையின் மன அமைதி. மரணத்தைப் பற்றிய கேள்வி மூன்றாவதாகவே வந்தது; யமன் தயங்கி, வேறு ஏதேனும் கேள் என்றான். நசிகேதன் விடவில்லையே என்று பயணி தனக்குச் சான்று தேடக்கூடாது. நசிகேதன் அந்த ஒரு விடைக்காகச் செல்வமும் நீண்ட ஆயுளும் வேண்டாமென்று தள்ளினான். பயணியோ எதையும் இழக்காமல், ஊர் திரும்பிச் சொல்வதற்கு ஒரு கதையை விரும்புகிறான். அதற்காக ஒருவரின் ஆறிய புண்ணைத் திறக்கச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை.

வீட்டு மூதாட்டி தாமே பேசத் தொடங்கினால், நடுவில் ஆறுதல் சொல்லாமல் கேட்டிருக்கலாம். அவர் பேசாமலும் போகலாம். அப்போது மழை பற்றியும் எருமைகள் பற்றியும் பேச்சு நடக்கும். பன்னி எருமைகள் இரவில் மேயச் சென்று விடியலில் தாமே வீடு திரும்புபவை. எந்தெந்த எருமை முந்தி வரும், எது எப்போதும் பிந்தும் என்று அம்மூதாட்டி சொல்லுவார். விருந்தினன் விடியுமுன் எழுந்து அதைப் பார்க்கலாம்.