வீட்டில் இருத்தலும் வீட்டில் வாழ்தலும்

ஊரடங்கு என்ற சொல் நமக்குப் புதியதன்று. கலவரக் காலங்களில் பிறப்பிக்கப்படும் ஆணைக்கு அப்பெயர் வழங்கி வந்தது. அது எங்கோ ஒரு நகரத்தில் யாருக்கோ நேர்வது என்றே நாம் எண்ணியிருந்தோம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுமைக்குமான 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பெற்று, மார்ச் 25 அன்று தொடங்கிற்று. தவக்காலத்தின் நடுவே வந்த அந்நாள், திருச்சபையின் நாட்காட்டியில் ஆண்டவரின் பிறப்பு அறிவிப்புப் பெருவிழா. நாசரேத்தூர்க் கன்னியை வானதூதர் நாடி வந்ததை நினைவுகூரும் நாளில் நாமும் வீட்டுக்குள் அனுப்பப்பட்டோம். இது தற்செயலாக நேர்ந்த பொருத்தமே. ஆயினும் என் உள்ளத்தில் அது ஒரு கேள்வியை ஊன்றிச் சென்றது. வீட்டுக்குள் இருப்பதும் வீட்டில் வாழ்வதும் ஒன்றுதானா?

இக்கேள்வியைச் சிந்திக்கக் கொத்தமங்கலத்தைப் போன்ற ஊர் ஏற்றதோர் இடம். காரைக்குடிப் பகுதியின் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று அது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் பெரிய வீடுகளுக்குப் பெயர் பெற்றது இந்நாடு. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அவற்றின் பெருமை. ஆனால் அத்தகைய வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதியும் பூட்டியே கிடக்கின்றன. உரியவர்கள் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். திருமணத்துக்கும் படைப்புக்கும் வந்து செல்கின்றனர். நாற்பது பேர் உறங்கத்தக்க வளவில் புறாக்கள் குடியிருக்க, சற்றுத் தள்ளி ஓர் ஓட்டு வீட்டின் இரண்டு அறைகளில் எட்டுப் பேர் அடைபட்டிருந்த காட்சியை அவ்வாண்டு கண்டேன். ஒரு பூட்டு வெளியே தொங்கியது. மற்றொரு பூட்டு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தொங்கியது.

கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்த பின், நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் அந்த ஓட்டு வீட்டின் முன் நின்றேன். "வீட்டிலேயே இருப்பது கடினமாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். அந்தத் தாய் சிரித்தார். "நாங்க என்னைக்குச் சாமி வெளியே இருந்தோம்? ஆம்பளைகளுக்குத்தான் இது புதுசு" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. குடும்பம் ஓர் இல்லத் திருச்சபை என்னும் கருத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் பதினோராம் எண்ணில் எடுத்துரைத்தது. குருமடத்தில் அதை மனப்பாடமாகப் படித்தேன், மேடைதோறும் முழங்கினேன். அந்தத் திருச்சபையில் விளக்கேற்றுபவர் யார், பாத்திரம் துலக்குபவர் யார், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவர் யார் என்று நான் கேட்டதேயில்லை. குடும்பத் தலைவர் பலர் தம் வீட்டிலேயே விருந்தினராக வாழ்ந்து வந்ததை ஊரடங்கு வெளிப்படுத்திற்று. உணவு வேளைக்கு வருவதும் உறங்கிவிட்டுச் செல்வதும் வீட்டில் வாழ்வதாகா. ஊருணிக்குக் குடத்தோடு முதன்முறையாகச் சென்ற ஒரு கணவர், அத்தனை ஆண்டுகள் தம் மனைவி சுமந்த எடையை அன்றுதான் தம் தோளில் அறிந்ததாகச் சொன்னார். அவர் வீட்டில் வாழத் தொடங்கியது அன்றுதான் என்று நான் கருதுகிறேன்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஊரடங்கை ஒரு நீண்ட தியானமாக வருணிப்பது வயிறு நிறைந்தவர்களுக்கு எளிது. 'வீட்டில் இரு' என்ற கட்டளை, வீடு ஒன்று உண்டு என்பதையும், நாளைய அரிசி அதில் உண்டு என்பதையும் முன்னதாகவே ஏற்றுக்கொள்கிறது. பெருநகரங்களிலிருந்து புலம்பெயர் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்ததை நாம் கண்டோம். சில பெண்களுக்கு அடைபட்ட வீடே அச்சத்தின் இடமாயிற்று. ஒரே சட்டம் எல்லார் மேலும் விழுந்தது. அதன் பாரம் எல்லார் மேலும் ஒன்றுபோல் விழவில்லை. ஆகவே, வசதியுள்ளவர் வீட்டில் இருந்ததை மட்டும் தியாகம் எனல் தகாது. தமக்கு அமைந்த பாதுகாப்பை, அது அமையாதவரோடு அவர் எந்த அளவு பகிர்ந்தாரோ அந்த அளவே அது தியாகமாயிற்று.

மற்றொரு கேள்வி இறைமக்கள் பலரை வருத்திற்று. ஆலயக் கதவை அடைத்தது விசுவாசக் குறைவு ஆகாதா? அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்புப் பெருவிழாவுக்கான திருவிழிப்பை வெற்றிருக்கைகளின் முன் நான் நிறைவேற்றியபோது என் குரலே எனக்கு அந்நியமாக ஒலித்தது. அன்பு என்பது பிறருடைய நன்மையை நாடுவது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வழியாகக் கற்றோம். என் அருகாமை பிறருக்குத் தீங்காகும் வேளையில் விலகி நிற்பதும் அன்பே. 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, பேராயர் புனித சார்லஸ் பொரோமேயு தெருச் சந்திப்புகளில் பலிபீடம் அமைக்கச் செய்தார். மக்கள் தத்தம் சாளரங்களிலிருந்தே திருப்பலியில் பங்குகொண்டனர். ஆனால் அதே பேராயர் நோயுற்றோரைத் தாமே தேடிச் சென்றார் என்பதை மறத்தலாகாது. 2020 மார்ச் 27 மாலையில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மழை நனைத்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் தனியே நின்று உலகுக்கு ஆசி வழங்கினார். சதுக்கம் வெறுமையாயிருந்தது, அவருடைய மன்றாட்டில் உலகம் நிறைந்திருந்தது.

எனவே விலகல் தன்னிலே அன்புமன்று, அன்பின்மையுமன்று. அச்சத்தால் ஒதுங்கிக்கொண்டு, அதற்கு அன்பு என்று பெயரிடவும் நம்மால் இயலும். என் விலகல் பிறருக்கு என்ன செய்தது என்பதே இதற்கு உரைகல். அந்த உரைகல்லில் என்னையே உரைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளேன். கைப்பேசியின் முன் நின்று நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினேன். அதை எத்தனை பேர் பார்த்தனர் என்று எண்ணியும் பார்த்தேன். அதே நாள்களில், தனியே வாழ்ந்த ஒரு முதியவரை மூன்று வாரங்களாக நான் அழைத்துப் பேசவில்லை. அவரிடம் எண்களை அழுத்திப் பேசும் பழைய கைப்பேசி ஒன்றே இருந்தது; என் திருப்பலியை அவரால் பார்த்திருக்க இயலாது. அவர் இறந்தார். ஈமச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. வந்தவர் அதினும் குறைவு. விமானங்கள் நின்றுபோனதால், அயல்நாட்டிலிருந்த மகன் தந்தையின் அடக்கத்தை ஓர் உறவினரின் கைப்பேசி வழியாகக் கண்டு அழுதார். கூட்டத்துக்கு விதி தடை போட்டது உண்மை. ஐந்து நிமிடம் பேசுவதற்கு எந்த விதி தடை போட்டது? அக்குற்றத்தை நோய்த்தொற்றின் மேல் சுமத்த என் மனச்சான்று இடங்கொடுக்கவில்லை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவியர் ஒரு சோர்வை 'நண்பகல் பேய்' என்று அழைத்தனர். அதன் பிடியில் சிக்கியவருக்குக் கதிரவன் நகர மறுக்கும், அறை வெறுத்துப்போகும், வேறிடத்தில்தான் வாழ்வு உண்டு என்று தோன்றும். அவர்கள் கண்ட மருந்து எளியது: குறித்த வேளையில் செபம், கைகளுக்கு வேலை, இடம் மாறாத பொறுமை. மாலை ஏழு மணிக்குச் செபமாலையும், பிள்ளைகளுக்குச் சிறு சிறு வீட்டு வேலையும் என்று நாளுக்கு ஒரு கட்டமைப்பைக் கொடுத்த நம் குடும்பங்கள், அத்துறவியரை அறியாமலேயே அவர் வழியில் நடந்தன. வியட்நாமின் ஆயர் வான் துவான் 13 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். அவற்றுள் ஒன்பது தனிமைச் சிறை. மூன்று துளி திராட்சை இரசமும் ஒரு துளி நீரும் உள்ளங்கையில் ஏந்தி அவர் திருப்பலி நிறைவேற்றினார். சிறையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அதில் எவ்வாறு வாழ்வது என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தார். கட்டுக்குள்ளும் மனிதனிடம் எஞ்சும் உரிமை அதுவே.

நம் மொழியில் ஊரடங்கும் அடக்கமும் ஒரே வேரில் கிளைத்தவை. முன்னது ஆணையால் வருவது. பின்னது அகத்தில் விளைவது. திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துப் போற்றியது பின்னதையே. ஆண்டவர் இயேசுவும் தம் வாழ்நாளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளை நாசரேத்தின் ஒரு தச்சர் வீட்டில் கழித்தார். மீட்பின் வரலாற்றில் அவை வீணான ஆண்டுகள் அல்ல.

தமிழகத்தில் 2020 செப்டம்பர் 1 அன்று வழிபாட்டுத் தலங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 2021-இன் இரண்டாம் அலை நம்மை மறுபடியும் வீட்டுக்குள் தள்ளிற்று. கொரோனா குறித்த உலக அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. இப்போது நாம் தடையின்றி வெளியே செல்கிறோம். அண்மையில் கொத்தமங்கலம் சென்றபோது அந்தத் தாயை மீண்டும் சந்தித்தேன். "இப்போது வீட்டில் எப்படி அம்மா?" என்றேன். "வேலை பழையபடிதான் சாமி. ஆனா அவரு சாப்பிட்ட தட்டை அவரே கழுவுறாரு" என்றார்.

சிறிய செய்திதான். ஆனால் அந்த ஓட்டு வீட்டின் உள்ளே தொங்கிய பூட்டு சற்றே திறந்திருக்கிறது. நானும் தனித்து வாழும் முதியோர் சிலருடைய எண்களை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துள்ளேன். இரவுச் செபத்துக்கு முன் ஒருவரையேனும் அழைக்கிறேன். மறந்துபோகும் நாள்களும் உண்டு. அந்நாள்களில், அழைக்கப்படாமல் போன அந்த முதியவரின் நினைவு என்னை மீண்டும் தாளருகே கொண்டுவந்து நிறுத்துகிறது.