சத்தம் வந்த பிறகு

எழுத்தாளனுக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலும் கதையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அந்தப் பெண் ஏன் அவனை மன்னித்தாள், அந்தக் கிழவரை ஏன் சாகடித்தீர்கள் என்று கேட்பார்கள். திருச்சியிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருக்கும் கடிதத்தில் கதை இல்லை. ஒரு வாஷிங் மெஷின் இருக்கிறது. 9 வருஷம் உழைத்த மெஷின். இப்போது துணியைப் பிழியும்போது பாலத்தின் மேல் ரயில் போவது மாதிரி சத்தம் போடுகிறதாம். வந்து பார்த்த மெக்கானிக் 7,000 ரூபாய் ஆகும் என்கிறார். "25,000 ரூபாய்க்குப் புதிதே கிடைக்கிறது. அதைத் தூக்கிப் போடும்மா" என்கிறான் வெளியூரில் வேலை பார்க்கும் மகன். "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்கிறார் கணவர். இதில் எது நியாயம் என்பது அம்மாளின் கேள்வி. எது லாபம் என்று கேட்காமல் எது நியாயம் என்று கேட்டாரே, அதற்காகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கணவரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்பதற்குச் சிக்கனம் போல இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? முன்பக்கம் கதவு வைத்த மெஷினில், துணி சுழலும் எஃகு டிரம்முக்குப் பின்னால் ஓர் அச்சு இருக்கிறது. அச்சைத் தாங்குவதற்கு இரண்டு பேரிங். பேரிங்குக்குத் தண்ணீர் போய்விடாமல் காவல் காக்க ஒரு ரப்பர் சீல். சீல் தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் உள்ளே கசிகிறது, கிரீஸ் கரைகிறது, குண்டுகள் துருப்பிடிக்கின்றன. பிறகுதான் இந்த ரயில் சத்தம். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால், பேரிங்கோடு நின்றிருக்க வேண்டிய நோய் அச்சையும் தின்றுவிடும். அப்புறம் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்கிறவர் தீர்மானத்தைத் தள்ளிப்போடவில்லை. யோசிக்காமலே தீர்மானம் செய்துவிடுகிறார். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு மெஷினை ஓட்டுகிற வீடுகள் எத்தனையோ! கதவு நம் காதுக்குத்தான் உதவும். கீழ் வீட்டில் தூங்குகிற குழந்தைக்கு உதவாது.

ரிப்பேர் செய்வதைத் தமிழில் பழுது பார்ப்பது என்கிறோம். இது எனக்கு மிகவும் பிடித்த சொல். வைத்தியம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம், பழுதும் பார்க்கிறோம். கண் முன்னால் போகிறது, கை பின்னால் வருகிறது. இந்த வீட்டில் மகன் விலையைப் பார்த்தான், கணவர் எதையும் பார்க்கவில்லை. மெஷினை யார் பார்த்தார்கள்? மின்சார இணைப்பை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து, வெறும் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று அரைத்தால், விளிம்பைத் தூக்கும்போது அச்சோடு தளர்ந்து ஆடினால், அது பேரிங்தான். மெக்கானிக் சொன்னது வாஸ்தவம். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடத்தால் சட்டைப் பையிலிருந்து விழுந்த நாணயமோ ஊக்கோ பம்பில் சிக்கியிருக்கலாம். மெஷின் இருந்த இடத்தை விட்டு நகர்கிறதென்றால் ஒரு கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. அதைத் திருகி நிறுத்தினாலே போதும். தலைவலி என்றதும் தலையை மாற்றச் சொல்கிறவர் உண்டா?

பேரிங்தான் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது மகனின் கணக்கு. ரிப்பேர்ச் செலவு புதிய சாமானின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்று பலர் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 7,000 ரூபாய், 25,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சூத்திரத்தின்படியே பையன் தோற்றுவிட்டான். ஆனால் அந்தச் சூத்திரத்தைக் கொண்டு அவனை ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் அதில் நம் பணத்தைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

அந்த 7,000 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது? பேரிங்கும் சீலும் அதில் சிறு பங்குதான். மீதி அவ்வளவும் ஒரு மனிதரின் உழைப்பு. மேல்மூடியைக் கழற்ற வேண்டும். டிரம் துள்ளாமல் இருக்க வைத்திருக்கும் கனமான காங்கிரீட் கட்டிகளை எடுக்க வேண்டும். மோட்டார், பெல்ட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் விடுவித்துத் தொட்டியை முழுசாக வெளியே தூக்கிப் பிளக்க வேண்டும். துருவோடு ஒட்டிப்போன பேரிங்கை அச்சு வீடு உடையாமல் தட்டி எடுத்துப் புதியதை இறக்க வேண்டும். பிறகு ஒரு திருகாணி மிஞ்சாமல் எல்லாவற்றையும் பழையபடி பூட்ட வேண்டும். இதெல்லாம் ஓர் ஆள் திரும்ப இடமில்லாத குளியலறையில் நடக்கிறது. பழைய மெஷினுக்கு இவ்வளவா என்று நாம் வியக்கும்போது, விலை பேசுவது மெஷினை அல்ல, அவருடைய ஒரு பகலை. குளுகுளு கடையில் மாதத் தவணைக் காகிதத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிற நாம், ஈரத் தரையில் மண்டியிட்டிருக்கிறவரிடம் மட்டும், "ஐந்நூறு ரூபாய் குறைச்சுக்குங்க" என்கிறோம். அவரும், "சரிம்மா, பார்த்துக் கொடுங்க" என்கிறார். அந்த அம்மாளின் கேள்விக்கு என் பதில் இங்கேயே இருக்கிறது. தொட்டியைப் பிரிக்க முடியுமானால் பழுது பாருங்கள். 7,000 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலை செய்கிறவருக்கு உட்கார ஒரு முக்காலியும் போடுங்கள்.

புதிது வாங்கினால் பழையது என்ன ஆகிறது என்பதையும் பையன் கணக்கில் சேர்க்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் வண்டி வந்து அன்றைக்கே எடுத்துப் போய்விடுகிறது. கண்ணிலிருந்து மறைவதற்கு நமக்குப் பணம் வேறு தள்ளுபடி. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளில் வாஷிங் மெஷினும் அடக்கம். விற்ற கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. ஆனாலும் மெஷின்கள் காயலான் கடைக்குப் போகாமல் இல்லை. எஃகுக்கும் செம்புக்கும் அங்கே விலை உண்டு. காங்கிரீட் கட்டியை யார் வாங்குவார்கள்? ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு வாய்க்கால் கரைதான் அதை வாங்கிக்கொள்ளும்.

இப்படிச் சொன்னதும், "ஆமாம், பழையதை எறிகிறவர்கள் நாளைக்கு எங்களையும் எறிவார்கள்" என்று சில பெரியவர்கள் என்னோடு சேர்ந்துகொள்ள வருவார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மெஷின் தாத்தா அல்ல. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைக்கிறோம், சந்தோஷம். மறுநாள் அது மெஷின்தான். பரிதாபத்துக்காக அதை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் கொண்டு வந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஒவ்வொரு சலவைக்கும் குடம் குடமாகத் தண்ணீரை விழுங்குகிற பழைய மெஷினை, பாசத்தின் பேரால் காப்பாற்றுவது தர்மம் என்று நான் சொல்லமாட்டேன். பழுது பார்ப்பதும் சில வீடுகளில் கஞ்சத்தனத்துக்கு மாட்டிய காவி உடை.

இனி, தொட்டியைப் பிரிக்க முடியுமானால் என்றேனே, அதற்கு வருகிறேன். பல மெஷின்களில் அந்தப் பிளாஸ்டிக் தொட்டியின் இரண்டு பாதிகளையும் தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். திருகாணி கிடையாது. உள்ளே இருக்கிற பேரிங் கெட்டால் தொட்டி, டிரம் எல்லாவற்றையும் ஒரே சாமானாக வாங்க வேண்டும். மெக்கானிக் அதன் விலையைச் சொன்னதும் நாமே புதிது வாங்கக் கிளம்பிவிடுவோம். தகப்பனும் பிள்ளையும் கூடத்தில் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். தீர்ப்போ 9 வருஷத்துக்கு முன்னால், யாரோ ஒருவருடைய வரைபடத்தில் எழுதப்பட்டுவிட்டது. இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன். எறிகிறவனுடைய மனசாட்சியைப் பற்றிப் பேசுகிறோம். வேறு வழியே வைக்காமல் எறியச் செய்கிறவனுக்கு மனசாட்சி வேண்டாமா?

ஐரோப்பாவில் இதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 2021 மார்ச் முதல் அங்கே விற்கிற வாஷிங் மெஷின்களுக்கு, அந்த மாதிரியின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்து 10 வருஷம் வரையில் உதிரிப் பாகங்கள் கொடுத்தாக வேண்டும். கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலில் டிரம்மும் உண்டு, பேரிங்கும் உண்டு. ஆனால் தனித்தனியாகவோ சேர்த்தோ கொடுக்கலாம் என்று பக்கத்திலேயே ஒரு சலுகை. சட்டத்தில் வைத்த அந்தச் சிறு சந்து வழியே ஒட்டிய தொட்டி முழுசாக நுழைந்துவிடும்! நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். இணையதளம் வேறு, சட்டம் வேறு.

ஆகையால் புதிது வாங்க நேர்கிறவர்கள் கடையில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இதன் தொட்டி பிரியுமா, ஒட்டியதா?" கடைப் பையன் திகைத்துப் போவான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் நிறமும், சலவை வகைகளும், கண்ணாடிக் கதவின் அழகும்தான். அவன்மேல் கோபப்பட வேண்டாம். கடையில் நின்றபடியே உங்கள் மெக்கானிக்கைப் போனில் கூப்பிடுங்கள். எந்த மாதிரி பிரியும், எது பிரியாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.