ஆற்றில் எறிந்த மணல்

1893-ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து வட அமெரிக்கா நோக்கிச் சென்ற கப்பலில் சுவாமி விவேகானந்தரும் ஜாம்ஷெட்ஜி டாடாவும் உரையாடினர். அதை நினைவுகூர்ந்து 1898-இல் டாடா சுவாமிஜிக்குக் கடிதம் எழுதினார். அவர் விரும்பிய அறிவியல் நிலையம் 1909-இல் பெங்களூரில் எழுந்தது. அந்த இந்திய அறிவியல் நிலையமும் ஏழு ஐ.ஐ.டி.களும் இணைந்து 2003-இல் தொடங்கியதே என்.பி.டி.இ.எல். திட்டம். அதன் பாடங்களைச் சிற்றூர் மாணவனும் கட்டணமின்றிக் கேட்கலாம்; சான்றிதழ் வேண்டுவோர் மட்டுமே தேர்வுக்குப் பணம் செலுத்துகின்றனர்.

இத்தகைய இணையவழிப் படிப்புகளின் பயிற்சிகளைப் பிறருக்குப் பணம் கொடுத்து முடித்து வாங்கும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. கற்பதற்குக் கட்டணம் இல்லாத இடத்தில் கல்லாதிருக்கக் கட்டணம்! விந்தையான வாணிபம்தான்.

பெங்களூர் இளைஞர் ஒருவர் இதற்கு நியாயம் கேட்கக்கூடும். அயல்நாட்டாரின் வேலையை வாங்கிச் செய்தே வளர்ந்த நகரம் இது. அவ்வாறிருக்க, தம் பயிற்சித் தாளை மட்டும் பிறரிடம் ஒப்படைப்பது எவ்வாறு குற்றமாகும்? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. வெளிவட்டச் சாலையின் நெரிசலில் மாலைப்பொழுதை இழந்து, இல்லம் வந்து குழந்தையை உறங்கவைத்துவிட்டு அமர்பவரின் சோர்வு பொய்யன்று.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. மென்பொருளை யார் எழுதினாலும் அது வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரும். பயிற்சியின் விளைவோ அந்தத் தாளில் இல்லை. எழுதியவரின் அறிவில் தங்கிவிடுகிறது. ஆகவே பணம் கொடுத்தவர் தாளைப் பெறுகிறார். பணம் பெற்றவரோ ஊதியத்துடன் கல்வியையும் கொண்டு செல்கிறார்.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் யவக்ரீதன் கதை வருகிறது. பரத்வாஜரின் மகனான அவன், குருவிடம் பயிலாமலே வேதங்கள் தன்னுள் விளங்க வேண்டுமென்று கடுந்தவம் புரிந்தான். இந்திரன் முதிய அந்தணராக வந்து, கங்கையில் பிடிப்பிடியாக மணலை எறிந்துகொண்டிருந்தான். அணை கட்டுவதாகச் சொன்ன கிழவரைக் கண்டு யவக்ரீதன் நகைத்தான். பயிலாமல் வேதம் பெற முயல்வதும் இத்தகையதே என்று இந்திரன் உணர்த்தியும் அவன் விடவில்லை, வரம் பெற்றான். பெற்ற அறிவு செருக்காகி, ரைப்யரின் இல்லத்தாருக்குத் தீங்கிழைத்து மாண்டான். அவன் தவத்தையாவது தானே செய்தான் என்பதை இங்கு நினைக்க வேண்டும். தவத்திற்கும் ஆள் அமர்த்தவில்லை.

சான்றிதழ் என்பது மூன்றாம் மனிதருக்குக் கூறும் சாட்சி; இவர் இதை அறிவார் என்பதே அதன் பொருள். அதை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைப்பவர் ஏமாற்றப்படுகிறார். இரவெல்லாம் விழித்துப் பயின்று குறைந்த மதிப்பெண் பெற்றவர் பின்தள்ளப்படுகிறார். 'இருவரும் சம்மதித்த பரிமாற்றம்' என்னும் கணக்கில் இவ்விருவரும் இடம்பெறுவதில்லை. எழுதிக் கொடுப்பவரின் வறுமை மெய்யாயிருக்கலாம்; அதே அறிவைக் கொண்டு அவர் அந்த இளைஞருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் ஊதியம் பெறலாமே.

என்.பி.டி.இ.எல்.-இன் பன்னிரு வாரப் பாடங்களில் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண். நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு பயிற்சிகளில் சிறந்த எட்டு மட்டுமே கணக்கிடப்படுகின்றன. நான்கு வாரச் சோர்வுக்கு அங்கே முன்பே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.