பாதுகாப்பு என்னும் பெயரில் ஒரு விலக்கு

அறிவியலுக்குப் பால் பேதம் இல்லை என்று வகுப்பறைகளில் சொல்லித் தருகிறோம். ஆனால் ஒரு மாத்திரையை எந்த உடலில் சோதிப்பது என்பதை ஆய்வுக்கூடம் மட்டும் முடிவு செய்வதில்லை. நிதி ஒதுக்குபவர்களும் விதி எழுதுபவர்களும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். ஆபத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, ஒருவரைப் பற்றிய அறிவே உருவாகாமல் தடுப்பது அறமா? இதுவே என் கேள்வி.

இதன் தொடக்கம் நல்ல நோக்கத்தில்தான் இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் மசக்கைக்காக உட்கொண்டார்கள். உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடு போன்ற பாதிப்புகளுடன் பிறந்தன. அமெரிக்கா பெருமளவு தப்பியதற்குக் காரணம், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய பிரான்சஸ் கெல்சி. மருந்து நிறுவனம் எவ்வளவு நெருக்கியும் போதிய சான்று இல்லை என்று அவர் அனுமதியை நிறுத்திவைத்தார். அவர் கேட்டது கூடுதலான ஆய்வு. அதே நிர்வாகம் 1977இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களைத் தொடக்கக் கட்டச் சோதனைகளிலிருந்தே விலக்கியது. கருத்தடை பயன்படுத்துபவர், கணவர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர் என்ற வேறுபாடுகூடப் பார்க்கவில்லை. பெண் என்பவள் கருப்பையாகச் சுருக்கப்பட்டாள்.

இதனால் ஆபத்து மறைந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியது. சோதனையில் இடம் மறுக்கப்பட்ட பெண்ணுக்கும் அந்த மருந்து பின்னர் எழுதித் தரப்பட்டது. மருத்துவர்களின் கண்காணிப்பில் சிலர் ஏற்றிருக்கக்கூடிய ஆபத்தை, வீட்டில் யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் பலர் ஏற்றார்கள். ஆணுடலையே அளவுகோலாகக் கொள்வது அன்று இயல்பாக இருந்தது. மாரடைப்பை ஆஸ்பிரின் தடுக்குமா என்று அறிய 1980களில் நடந்த பேராய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்களே. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்ணுடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. 1992இல் அனுமதி பெற்ற அந்த மருந்தின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாற்றம் ஆய்வுக்கூடத்திலிருந்து தானாக வரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெண் உறுப்பினர்கள் கணக்குக் கேட்டார்கள். 1991இல் தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் தலைவரான பெர்னடின் ஹீலி, மாதவிடாய் நின்ற பெண்களின் உடல்நலம் குறித்த பேராய்வைத் தொடங்கிவைத்தார். அதில் 1,60,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். இதயத்தைக் காக்கும் என்று நம்பி அளிக்கப்பட்டுவந்த கூட்டு ஹார்மோன் சிகிச்சை, மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2002இல் தெரியவந்தது. அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்ப்பது 1993இல் சட்டமாகியிருந்தது. அதே ஆண்டில் 1977இன் தடையும் விலகியது.

அப்படியானால் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டால் போதுமா? நம் நாட்டு வரலாறு இல்லை என்கிறது. கருத்தடை ஆய்வுகளில் ஏழைப் பெண்களுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. 1980களில் நெட்-என் என்ற கருத்தடை ஊசியின் சோதனையில், முழு விவரம் சொல்லாமல் பெண்களைச் சேர்த்ததை எதிர்த்து ஸ்திரீ சக்தி சங்கடனாவும் பிற பெண்கள் அமைப்புகளும் 1986இல் உச்ச நீதிமன்றம் சென்றன. 2009இல் ஆந்திரத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டபோது, பல இடங்களில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். ஓரிடத்தில் கேட்காமலே விலக்கினார்கள்; இன்னோரிடத்தில் கேட்காமலே சேர்த்தார்கள். இரண்டிலும் பெண் தன் உடலைப் பற்றி முடிவெடுக்கத் தகுந்தவளாகக் கருதப்படவில்லை. ஆகவே அறத்தின் அளவுகோல் பங்கேற்பு மட்டுமல்ல, அறிந்து தரும் ஒப்புதலும் கேள்வியை வகுக்கும் உரிமையுமே.

இது பழங்கதை அல்ல. 2021 ஜனவரியில் இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி ஜூலையில்தான் கிடைத்தது. சோதனைகளில் அவர்களைச் சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் ஊசி இல்லை. இரண்டாம் அலை அந்த இடைவெளியில்தான் வந்துபோனது. எச்சரிக்கையாக இருந்ததாக அரசு சொல்லலாம். அந்த எச்சரிக்கையின் விலையைக் கொடுத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அறிவியல் படிக்கும் மாணவிகள் ஆய்வு முடிவுகளைப் படிக்கும் முன், அதற்கான விதியை எழுதிய மேசையில் யார் இருந்தார்கள் என்று விசாரிக்கட்டும். அந்த மேசையில் நமக்கும் இடம் வேண்டும்.