வெட்டுகிற கை

வானத்தை நோக்கி வளர வேண்டிய மரத்தைச் சட்டியில் அடக்கி வைப்பது கலையா, கொடுமையா? ஜப்பானியரின் 'போன்ஸாய்' மரங்களைப் பற்றிக் கேள்விப்படும்போது இந்தச் சந்தேகம் நம்மில் பலருக்கு எழாமல் இராது.

ஃபூஜி என்று ஜப்பானியர் அழைக்கும் விஸ்டீரியாக் கொடியையே எடுத்துக்கொள்வோம். விட்டுவிட்டால் அது தான் பற்றிய மரத்தையே நெரித்துவிடும். அஷிகாகாவில் உள்ள முதிய கொடி ஒன்று சுமார் 1000 சதுர மீட்டர்ப் பந்தலை மூடி நிற்கிறது. அந்த இனத்தைத்தான் சட்டியில் முழங்கால் உயரத்துக்குள் நிறுத்துகிறார்கள்.

பூத்து ஓய்ந்ததும் வாடிய கொத்துக்களைக் கிள்ளுகிறார்கள். காய்த்தால் கொடியின் சக்தி வீணாகும். கோடையில் சாட்டைபோல் நீளும் தளிர்களைக் குறைக்கிறார்கள். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் இரண்டு மூன்று கணுக்களை விட்டு மிச்சத்தை நறுக்குகிறார்கள். அடுத்த வசந்தத்தின் பூ முந்திய கோடையிலேயே கருக்கொண்டுவிடுகிறது. பருத்த மொட்டு எது, மெலிந்தது எது என்று பாராமல் வெட்டினால் ஓராண்டுப் பூவும் போயிற்று!

இதில் ஓர் அதிசயம் உண்டு. மரம் குறுகும், பூங்கொத்து குறுகாது. ஆகவே, கொத்துத் தொங்குவதற்கு ஏற்றபடி அடிமரத்தையும் கிளையையும் அமைக்க வேண்டியவர் வளர்ப்பவரே. எந்த உயிரிலும் குறைக்கக் கூடாத ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை அறியாத கைக்குக் கத்தரிக்கோல் எதற்கு?

வெட்டுகிறவனுக்கும் விலங்கு உண்டு. கடுங்கோடையில் ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் சட்டிக் கொடி வாடிவிடும். 1625 முதல் சட்டியில் பழக்கப்பட்டு வரும் பைன் மரம் ஒன்றை யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணினார்கள். 1945-இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கும் அது தப்பியது. குண்டு போட்ட நாட்டுக்கே அதை 1976-இல் அன்பளிப்பாகத் தந்தார்கள். அத்தனை காலமும் மரம் அவர்களுக்குக் கட்டுப்பட்டதா, அவர்கள் மரத்துக்குக் கட்டுப்பட்டார்களா?

வெட்டியவன் தானும் கட்டுப்பட்டால் அது கலை. வெட்டிவிட்டு மறந்தால் அது கொடுமை. எனக்குத் தோன்றும் விடை இதுதான்.

"பிள்ளை வளர்ப்பும் இப்படித்தானே?" என்று கேட்பீர்கள். பாதி வரைக்கும் சரி. மரம் கடைசிவரை சட்டியை விட்டுப் போகாது; பிள்ளை போயே ஆகவேண்டும். மரத்துக்கு வடிவம் தருகிறவன் தன் கையை எடுக்கவே முடியாது. பெற்றவர்களோ, கையை எடுத்துவிடும் ஒருநாளுக்காகவே வளர்க்கிறார்கள். அந்த நாள் வந்த பிறகும் கத்தரிக்கோலைக் கீழே வைக்க மனம் வராவிட்டால், அதை அன்பென்று சொல்ல நமக்கு வாய் வருமா?